பத்தாம் லயத்துச் சுவர்

ராமலட்சுமி திருப்புளியைக் கல்லிடுக்கில் வைத்து லேசாக அழுத்தினாள். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது காய்ந்த மண் பொலபொலவென்று, அவள் பிறந்து வளர்ந்த வீட்டுத் தரையில் உதிர்ந்தது.

வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, உள்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவில் வெறும் மண். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கல்கூட இல்லை. நிலநடுக்கம் வந்தால் எந்தக் கட்டடம் நிற்கும், எது விழும் என்று கணிப்பதுதான் பதினாறு வருஷமாக அவள் வேலை. பாலக்காட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வீடுகளைக் கணினியில் ஆட்டிப் பார்த்திருக்கிறாள். பீர்மேட்டுப் பக்கம் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். தான் போனால் சுவரில் ஏதாவது ஒரு நல்லது கண்ணில் படும் என்று நம்பி வந்தாள்.

"என்ன கலர்டி?" என்று அக்கா மாரித்தாய் கேட்டாள்.

ஆய்வுப் படிவத்தில் மஞ்சள் என்றால் பழுது பார்த்துக் குடியிருக்கலாம். சிவப்பு என்றால் காலி செய்ய வேண்டும். போன வருஷம் தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷனுக்குச் சிவப்பு விழுந்தது. புது வீடு கட்டித் தருவதாகச் சொல்லித்தான் வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் கம்பத்திலும் குமுளியிலும் வாடகைக்குக் கிடக்கின்றன.

வீட்டுக்கு ஒருவர் தோட்டத்தில் வேலை பார்த்தால்தான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கலாம். அப்பா செத்தபோது ராமலட்சுமி எட்டாவது. அக்கா அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை அக்கா கொழுந்துக் கூடையை எடுத்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

"மஞ்சளே போட்டிரு. பூசி மெழுகி இருந்துக்கிறோம்."

சின்ன ஆட்டத்துக்கே சுவர் இரண்டாகப் பிளந்துவிடும் என்று ராமலட்சுமி விளக்கினாள். அக்கா சிரித்தாள். இத்தனை வருஷமாக நானும் இதனோடு சேர்ந்து ஆடிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பூமி ஆடுனா என்னைக்கோ ஒரு நாள் சாவோம். நீ எழுதுனா அடுத்த வாரமே வெளிய போகணும்."

ஒரு சொல்தான். மஞ்சள் என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனா தாளைத் தொட்டபோது பக்கத்து வீட்டில் பின்சியின் குழந்தை சிணுங்கியது. அதன் தூளி தொங்கும் விட்டமும் இதே சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சிவப்பு என்று எழுதினாள்.

தன்னோடு பாலக்காட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். அக்கா படிவத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்து, குடியிருப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"ஒன் வீடு நிக்குமாடி?"

குத்தலா என்று ராமலட்சுமி அந்த முகத்தில் தேடினாள். குத்தலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"நிக்கும்க்கா."

"அது போதும்."

மாரித்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். லயத்தின் மற்ற பதினொரு வீட்டுக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ அந்தப் பக்கம் வராதே, ஏதாவது பேசிவிடுவார்கள் என்றாள். முதலில் பின்சியின் கதவைத் தட்டினாள்.