கடலில் நின்ற மனிதர்

ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே றிபாஸ் குந்தி உட்கார்ந்து, மகள் சஹ்லாவின் காலுறையில் சவர்க்காரம் தேய்த்தார். அப்படித் தேய்த்தால் அட்டை ஏறாதாம். சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிறந்து, மீன்பிடி போட்டிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் பெரிதாக யோசிக்கவில்லை. புருசன் கெட்டிக்காரன் என்று நினைப்பதில் பெண்சாதிக்கு ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

"ஒங்களுக்கு இதெல்லாம் ஆரு செல்லித் தந்த?"

"யூடியூப்தான். நானும் முதல் தரம்தானே வாறன்."

ஹப்புத்தளைக்கு அப்பால், தேயிலைக்குள்ளால் ஏறும் ஒற்றையடிப் பாதை. சஹ்லாவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. மலை பார்க்க வேண்டுமென்று ஒரே பிடிவாதம். அவள் முன்னால் ஓட, இவர் நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு நான் கடைசியில். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் இவர் நின்று யோசிக்கவே இல்லை, இடப்பக்கம் திரும்பினார். அதையும் கெட்டித்தனம் என்றே எடுத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

உச்சிக்குச் சற்றுக் கீழே தகரக் கூரை போட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"அட, கருவாட்டு அண்ணன்! தர்சிகாவ மறந்துட்டீங்களா? ரெண்டு வருசத்துக்கு முந்தி, பொசன் அன்னிக்குக் கூட்டாளிங்களோட வந்து கருவாடு குடுத்தீங்களே. கீழ தன்சல்ல சும்மா குடுத்த ஐஸ்கிரீமுக்கு ரெண்டு தடவ வரிசைல நின்னு எங்கள எல்லாம் சிரிக்க வச்சீங்க!"

"வேற ஆருமா இரிக்கும், தங்கச்சி," என்றார் இவர். அந்தக் குளிரிலும் அவருடைய நெற்றி வியர்த்தது.

இரண்டு வருடத்துக்கு முந்திய பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமிப் பெருநாள். அன்றைக்குத்தான் என் உம்மா மௌத்தானார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வாழ வருவார். இவர் வந்த நாள்முதல், மருமகன் சாப்பிடாமல் உம்மா ஒரு பிடி சோறு தின்றதில்லை. மீன் ஆணத்தில் நடுத்துண்டு எப்போதும் இவருக்குத்தான். அந்த உம்மாவை அடக்கக் கொண்டுபோகச் சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில், எனக்கு மூத்த அதாவுல்லா காக்கா வாசலில் நின்று கத்தினார்.

"எங்க ஒண்ட மாப்பிள? மாமிக்குத் தோள் குடுக்க ஒரே மருமகனுக்கு ஏலாதா?"

பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து நான் பதில் சொன்னேன். "கடல்ல நிக்கிற மனிசன எப்பிடிக் கூப்பிடுற? அவரக் குத்தம் செல்ற ஆரும் இந்த ஊட்டுக்குள்ள வரத் தேவல்ல."

காக்கா அதன்பிறகு வரவில்லை. எனக்கிருந்தது அந்த ஒரு கூடப்பிறப்பு. ஒலுவில் துறைமுகத்திலிருந்து போட் ஏறினால் கரை திரும்பும்வரை போன் எடுபடாது என்று தெரிந்தும், அன்று இவருக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன். உம்மா என்ற ஒரு சொல்லைத் தவிர வார்த்தை ஒன்றும் இருக்காது, அழுகைதான். எட்டாம் நாள் வந்து கபுறடியில் விழுந்து இவர் அழுதபோது, கையைப் பிடித்து எழுப்பியவளும் நான்தான்.

சஹ்லா ரொட்டியோடு அப்பால் போனதும் இவர் மெல்ல வாயைத் திறந்தார். "அந்த முற மிசின் பழுதாகி போட் போகல்ல, ஜெனூபா. கூட்டாளிமார் கூப்பிட்டானுகள். நான் ஒனக்குச் செல்லத்தான் இருந்தன்..."

"நான் அனுப்பின வொய்ஸ எப்ப கேட்ட?"

அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கே. வந்தா கடலுக்குப் போகாதது தெரிஞ்சிரும் எண்டு பயந்துட்டன்."

"ஐஸ்கிரீமுக்கு முந்தியா, பிந்தியா?"

அவர் காசை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். காக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

இறங்கும்போது இவர் எனக்கு முன்னால் நடந்தார். களிசானை முழங்கால்வரை சுருட்டி விட்டிருந்தார். மகளுக்குத் தேய்த்த அவசரத்தில் தன் காலுக்குச் சவர்க்காரம் தேய்க்க மறந்திருக்க வேண்டும். கெண்டைக்காலில் ஓர் அட்டை, நாவற்பழம் அளவுக்கு ஊதி ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு உறைக்கவே இல்லை.

"கல்லு வழுக்கும். பாத்து வா," என்றார், திரும்பாமலே.

"ஓம்," என்றேன்.

அடிவாரம் வரும்வரை அந்த அட்டையைப் பார்த்தபடியே இறங்கினேன்.