சூளைக்கு யார் தீ வைப்பது

விடிவதற்குள் மண் மிதித்து முடித்துவிட வேண்டும். குளத்து மண் பாதத்தில் ஏறி முழங்கால் வரை சில்லென்று பிடிக்கும். அன்றைக்கு உடம்புக்குக் கிடைக்கிற கடைசிச் சுகம் அதுதான். ஆறுமுகத்தாய் மிதித்தாள். பக்கத்தில் எப்போதும் மிதிக்கிற மதினி இசக்கிச்செல்வியின் இடம் காலியாகக் கிடந்தது. முந்தின நாள் உச்சிவெயிலில், சுடாத செங்கலான பச்சைக்கல் சுமந்து வந்தவள் சுமையோடு விழுந்தாள். வேர்வையே இல்லாமல் உடம்பு கொதித்தது. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கோடை அது. தச்சநல்லூருக்கு வடக்கே குளத்துக்கரைச் சூளைகளில் கல் அறுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்லும்போதே நாக்கு வறண்டுவிடும். வெயில் என்ன புதிதா? நிழலல்லவா போய்விட்டது! கரையில் நின்ற மருதமரங்களை முதலாளி அம்மையப்பன் ஒவ்வொன்றாக வெட்டிச் சூளைக்குள் போட்டார். இரண்டே இரண்டுதான் மிச்சம். விறகு தீர்ந்ததும் லாரியில் பழைய டயர் வந்து இறங்கியது. சும்மா சொல்லக்கூடாது, இவர்களும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டவர்கள்தான். விறகு பிளக்கிற பாடு ஒழிந்ததென்று ஆளுக்கொரு கை கொடுத்து இறக்கினார்கள். கரும்புகை குடிசைக்குள் புகுந்து, சோற்றில் கரி படிந்து, பிள்ளைகள் இருமத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

எழுத்துச் சொல்லித்தர அறிவொளி வகுப்பு எடுக்க வந்த பார்வதியம்மாள் சொன்னபோதும் சிரித்தார்கள். உலகத்துச் சூளையும் ஆலையும் மோட்டாரும் விடுகிற கரியமில வாயு ஆகாயத்தில் கம்பளி போர்த்தின மாதிரி நின்று, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் அமுக்குகிறது. வெயில் கூடுவதும் மழை பருவம் தப்புவதும் அதனால்தான் என்றாள். மரம் நின்றால் அதில் கொஞ்சத்தைக் குடித்துக்கொள்ளும், மண்ணோடு உமி கலந்து அறுத்தால் விறகும் குறைவாகப் போதும் என்றும் சொன்னாள். இசக்கிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. உமிக்கு அரிசி மில்லில் கேட்டுப் பார்க்கலாமே என்றாள். அதை முதலாளியிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

இன்றைக்கு, அடுக்கி முடித்த சூளைக்குத் தீ வைக்கிற நாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சூளையின் முதல் கல்லை எந்தக் கை அறுத்ததோ அதுதான் முதல் தீயையும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் பாதிக் கல் வேகாது என்பதில் அம்மையப்பனுக்கு அசையாத நம்பிக்கை. இந்தச் சூளைக்கு அந்தக் கை ஆறுமுகத்தாயுடையது.

விடிந்ததும் அவர் வந்தார். பந்தத்தைக் கொளுத்தி அவளிடம் நீட்டினார். சூளை வாயெல்லாம் டயர்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "டயர வெளிய எடுத்துட்டு உமியும் வெறகும் வாங்கிப் போடுங்க அண்ணாச்சி. வைக்கேன்."

"ஏட்டி, என்ன பேச்சு பேசுத?"

"உச்சிவெயில்ல வேல கூடாது. நிக்கிற ரெண்டு மரத்துலயும் கோடாலி படக் கூடாது. வெட்டுன எடத்துல கன்னு வைங்க, நாங்க தண்ணி ஊத்துதோம்."

"வெயில நானா ஏவிவிட்டேன்? அமெரிக்காக்காரன் ஆளுக்கொரு காரு ஓட்டுதான். அவன்கிட்டப் போயிக் கேளு."

"அவன அங்கன உள்ளவங்க கேக்கட்டும். ஒங்களக் கேக்க நாங்கதான இருக்கோம்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அம்மையப்பன் குரலைத் தாழ்த்தினார். அதுதான் பயமாக இருந்தது. இசக்கிச்செல்வியைத் தூக்கிப்போனது தன் வண்டி, மருந்து வாங்கித் தருவதும் தான்தான், அதை நிறுத்திவிட்டால் பிறகு தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார்.

ஆறுமுகத்தாய் பாளையங்கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தன் வீம்புக்கு மதினியின் உயிரையா பணயம் வைப்பது? கட்டியிருந்த கை தானாகப் பிரிந்து பந்தத்தை நோக்கி நீண்டது.

அப்போதுதான் அண்ணன் காசிலிங்கம் எழுந்தான். இசக்கிச்செல்வியின் புருஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நேரம் முதல் ஓரமாகக் குந்தியிருந்தவன். நேரே சூளை வாய்க்குப் போய் ஒரு டயரைப் பிடித்து இழுத்து முதலாளியின் காலடியில் போட்டான்.

"அவ கண்ணத் தொறந்தா, மறுபடியும் இந்தப் பொகையிலயும் வெயிலுலயும்தான் வந்து நிக்கணும்ங்கியளா?"

முதலாளி செருமினாலே நடுங்குகிற பிச்சைக்கண்ணுதான், ஆச்சரியம், முன்னால் வந்தார். "ஆஸ்பத்திரிய நாங்க எல்லாருஞ்சேந்து பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி." சொல்லிவிட்டு அவரும் ஒரு டயரை இழுத்தார். அப்புறம் பெண்கள் குனிந்தார்கள்.

அம்மையப்பன் பந்தத்தோடு தானே சூளை வாய்க்கு விரைந்தார். தீ வைக்கப் போனவர் கை அந்தரத்தில் நின்றது. வேகாத கல் கண்முன் வந்ததோ என்னவோ. பந்தத்தை மண்ணில் வீசிவிட்டு, கங்கைகொண்டானிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன், போலீஸோடு வருகிறேன், இன்றைக்கே குடிசையைக் காலி பண்ணுங்கள் என்று கத்திக்கொண்டே வண்டியேறினார்.

வெயில் ஏறியது. சூளை வாயை மறித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆறுமுகத்தாய்க்குப் பயம் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சேதி தாக்கல் எதுவும் இல்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

கரைமேல் ஆட்கள் வருவது தெரிந்தது. அடியாட்களோ என்று எல்லாரும் எழப் பார்த்தார்கள். இல்லை. பக்கத்துச் சூளைப் பெண்கள், மண் காயாத கையோடு. முன்னால் வந்த சாரம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"இங்க நடந்தது காதுல விழுந்துச்சு. எங்க சூளையிலயும் டயருதான் அடுக்கியிருக்கு. தீ வைக்க மாட்டோம்னு சொல்லிட்டு வாறோம். கொஞ்சம் நகந்து ஒக்காருங்க தாயி."

ஆறுமுகத்தாய் நகர்ந்து இடம் விட்டாள்.