எண்ணூற்று இருபத்தொன்பது வயதுக்காரியின் அனுமதி

சுசீந்திரம் தெப்பக்குளத்துக்குத் தெற்கே உள்ள தெருவில், அஸ்வதி என்ற நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணூற்று இருபத்தொன்பது வயது ஆனது ஒரு திங்கட்கிழமை காலையில். அவள் அம்மா சபிதா அப்போது அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அன்று சந்தையில் மரச்சீனிக்கிழங்கு விலை இறங்கியிருந்தது, ஏத்தங்காய் வரத்து குறைவு, மழை இல்லை. வேறு விசேஷம் எதுவும் அந்தத் தெருவில் நடக்கவில்லை.

எல்லாம் ஒரு டேப்லெட்டால் வந்தது. சபிதாவின் அண்ணன் குமாரதாஸ் வடசேரிச் சந்தையில் தேங்காய் மொத்த வியாபாரி. கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று மகள் ஸ்மிதாவுக்கு அதை வாங்கிக் கொடுத்தார். ஸ்மிதா அதில் பாடம் படித்ததைவிட மருதாணி டிசைன் பார்த்ததுதான் அதிகம். நர்சிங் சேர்ந்த பிறகு அவளுக்கு அது வேண்டாமலாகிவிட்டது. ஒரு மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. சார்ஜர் வயரை இடப்பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அளவு சின்னதாகிப்போன பாவாடை சட்டை தங்கச்சி வீட்டுக்குப் போவதைப்போல அதுவும் சுசீந்திரத்துக்கு வந்து சேர்ந்தது.

கேட்டு வாங்கியவர் அஸ்வதியின் அப்பா ராஜகுமார். அவர் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். பிள்ளை பிறந்தபோது அங்கேதான் இருந்தார். வரலாம் என்று நினைத்த வருஷம் விமானங்கள் நின்றுபோயின, அதற்குப் பிறகு கம்பெனி விடவில்லை. ஒருவழியாக லீவு கிடைத்து, பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துப் பிள்ளை அலறிவிட்டது. "எங்க அப்பா போனுக்குள்ள இருக்காரு. இது ஆரும்மா?" என்று கேட்டது. லீவில் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே கழிந்தது. மீதிப் பாதியில்தான் அவள் அவர் கையால் சோறு வாங்கினாள், முதுகில் ஏறினாள், அப்பா பக்கத்தில் இல்லாமல் உறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தாள். அதற்குள் லீவு முடிந்துவிட்டது. போனால் திரும்பி வர இரண்டு வருஷமாகும், பிள்ளை மறுபடியும் மறந்துபோகும். போகாவிட்டால் வேலை போய்விடும். போனைவிடப் பெரிய திரையில் முகம் தெரிந்தால் கொஞ்சம் குறைவாக மறப்பாள் என்று பாவம் அந்த மனிதர் நம்பினார்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை டேப்லெட்டில் ஸ்மிதாவின் மருதாணிகளையெல்லாம் அழித்துவிட்டு, பிள்ளை பேரில் புதிதாக ஒரு கணக்கு தொடங்க உட்கார்ந்தார். பெயர் கேட்டது, போட்டார். பிறந்த தேதி கேட்டது, திகைத்தார். எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் நட்சத்திரம் பார்த்துத்தான் வரும். அன்றைக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம், அதோடு சரி. இங்கிலீஷ் தேதியைப் பெற்றவள் மட்டும் மனதில் வைத்திருப்பாள். சொந்த மகள் பிறந்த தேதியைப் பெண்டாட்டியிடம் போய்க் கேட்க ராஜகுமாருக்கு நாணமாக இருந்தது. அதனால் மாட்டுத்தொழுவப் பக்கம் ஒதுங்கி நின்று மைத்துனருக்குப் போன் போட்டார்.

குமாரதாஸ் கொல்லம் ஆண்டில்தான் யோசிப்பார், கொல்லம் ஆண்டில்தான் கோபப்படுவார். இங்கிலீஷ் வருஷத்துக்கு எண்ணூற்று இருபத்தைந்து வருஷம் பின்னால் நடக்கிற மலையாளக் கணக்கு அது. "ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தி நாலு, மாசி பன்னெண்டு. எதுக்குக் கேக்கீரு மாப்ளே?" என்றார்.

"சும்மதான் அத்தான்."

மாசிக்குப் பிப்ரவரி என்று போடத் தெரிந்த மனிதருக்கு வருஷத்தையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் ஜாதகத்திலும் வாசித்து வாசித்துப் பழகிய வருஷம் அது, அவர் காதுக்கு வித்தியாசமாகவே படவில்லை. வருஷத்தை விரலால் கீழே கீழே உருட்டினார். சுதந்திரம் போனது, வெள்ளைக்காரன் போனான், திருவிதாங்கூர் ராஜாக்கள் வரிசையாகப் போனார்கள், பக்கத்தில் வைத்த சாயா ஆறிப்போனது. பழைய டேப்லெட், அதான் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு வந்த பக்கங்களில் என்னென்னவோ எழுதியிருந்தது. உலகத்தில் எல்லோரும் செய்வதைப்போல வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்திவிட்டுக் குளிக்கப் போனார். குடும்பத்தில் மூத்தவள் அஸ்வதி என்றும், மற்ற எல்லோரும் அவள் பொறுப்பில் வளரும் சிறுபிள்ளைகள் என்றும் அதில் எழுதியிருந்தது.

அன்று மத்தியானமே வீட்டில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சபிதாவின் சீரியல், கதாநாயகி விஷம் குடிக்கப் போகும் கட்டத்தில் தானாக அணைந்தது. அஸ்வதி தலையாட்டிய பிறகுதான் திரும்ப வந்தது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ராஜகுமார் ஃபிரிட்ஜைத் திறக்கப் பலமாக இழுத்தார், கைப்பிடிதான் கழன்று வந்தது. பிள்ளை போய், "அப்பாவுக்கு ஒரு பழம் மட்டும்" என்றதும் கதவு தானாகத் திறந்தது. தெருவில் அவள் நடந்து போனால் வேலிப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் முழங்கால்கள் அவர்களைக் கேட்காமலே எழுந்து நின்றன. மூட்டுவலிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். அதுவரைக்கும் தெருவில் மூத்தவர் என்ற பெயர் தொண்ணூறு தாண்டிய ஜான்ரோஸ் வாத்தியாருக்கு இருந்தது. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு நியாயம் கேட்க வந்தார். அஸ்வதி அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, "போய்ப் படுத்து உறங்கும் மக்கா" என்றாள். மனைவி இறந்ததிலிருந்து சரியாக உறங்காத மனிதர், வீட்டுக்குப் போய் மறுநாள் காலை வரைக்கும் உறங்கினார். எழுந்தபின் எந்தப் புகாரும் இல்லை என்று சொல்லியனுப்பினார்.

புறப்படுகிற நாள் வந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் பேசியிருந்தார்கள். பெட்டி ஏறியது, ராஜகுமார் ஏறினார், கார் கிளம்பவில்லை. அவர் இறங்கினார், கிளம்பியது. ஏறினார், நின்றது. டிரைவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு ஒரு கேடும் இல்லை, ஆளுக்குத்தான் ஏதோ கேடு என்று சொன்னான். ஆட்டோ கூப்பிட்டார்கள், அதுவும் நின்றது. நடந்தே வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறேன் என்று ராஜகுமார் கிளம்பினார். தெருமுனையில் அவர் கால்கள் நடந்துகொண்டே இருந்தன, ஆள் மட்டும் நகரவில்லை. வழியனுப்ப வந்த குமாரதாஸ்தான் கடைசியில் பிள்ளையின் மடியில் இருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். ராஜகுமார் வெளியே போக அனுமதி கேட்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அஸ்வதி இல்லை என்ற கட்டத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள், கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

குமாரதாஸ் உள்ளே நோண்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஓய் மாப்ளே, கொல்லவருசத்த அப்படியே அடிச்சு வச்சிருக்கீரே! இது இங்கிலீசு சாமானம்லா? சரி, இப்பம் மாத்தீரலாம். ஒரு தடவதான் மாத்த விடுமாம், தப்பாப் போடப்பிடாது. பிள்ளைக்க இங்கிலீசு தேதி என்னது?"

ராஜகுமார் தலையைக் குனிந்துகொண்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஏசி கம்ப்ரசரின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றும் பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு மகள் பிறந்த நாள் தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது, அழவும் செய்தார்.

"ஏட்டி சபிதா, நீ சொல்லு."

சபிதாவுக்குத் தெரியும். எந்தத் தேதி, என்ன கிழமை, ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே அன்று வெயில் எப்படி அடித்தது என்பதுகூடத் தெரியும். தேதியைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும், கார் கிளம்பும், அவர் இரண்டு வருஷத்துக்குப் போய்விடுவார். அவள் புருஷனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"எனக்கு ஓர்மை இல்லண்ணா" என்றாள். கல்யாணமாகி அவள் சொன்ன முதல் பொய் அதுதான் என்று எங்கள் தெருவில் நம்புகிறார்கள்.

இனி பிள்ளையிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ராஜகுமார் மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அப்பா வேலைக்குப் போணும் மக்கா. போகலன்னா வேற ஆளப் போட்டிருவாங்க."

"எப்பம் வருவீங்க?"

"ரெண்டு வருசம் கழிச்சு."

அஸ்வதி முகத்தைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டில் தேடினாள். சிறுபிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கும் இடத்தில் மணிக்கணக்குதான் இருந்தது, வருஷக்கணக்கு இல்லை. எந்தப் பிள்ளையையும் யாரும் இரண்டு வருஷத்துக்கு வெளியே விடுவதில்லையே. "ரெண்டு வருசம் இதுல கெடையாது" என்றாள். "காலைல போங்க. வெளக்கு வைக்கும்போ வந்திரணும். தெனமும்." அழுத்தினாள். கார் கிளம்பியது.

விமானம் கடலுக்குமேல் போய்க்கொண்டிருந்தபோது சுசீந்திரத்தில் விளக்கு வைத்தார்கள். ராஜகுமார் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி வீட்டு முற்றத்தில் நின்றார். தட்டில் இருந்த கேக்கை மகள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், தம்மாமில் துப்புரவு நடந்துகொண்டிருந்த விமானத்தில், அதே இருக்கையில், வாயில் நுரையோடு பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். துடைத்துக்கொண்டிருந்த வங்காளதேசத்துக்காரர் அவருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். கம்பெனியிலும் பெரிய பிரச்சினை வரவில்லை. ராத்திரிச் சாப்பாடும் கட்டிலும் மிச்சம் என்று கேம்ப் சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். சபிதாவுக்கு ஒரே தொந்தரவு, தினமும் முற்றத்தில் கொட்டுகிற பாலைவன மணல். "செருப்ப அங்கயே ஒதறீட்டு வரப்பிடாதா?" என்று சத்தம் போடுவாள். ஒதறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பார் அவர். மழைக்காலத்தில் தெருவே அந்த மணலை வாங்கிக்கொண்டுபோய்ச் சகதியில் போட்டது.

இப்படியே இரண்டு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. அஸ்வதி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்திருக்கிறாள். போன வாரம் வகுப்பில் ஜாஸ்பின் டீச்சர், அவரவர் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லச் சொன்னார். பாதிப் பிள்ளைகள் துபாய், கத்தார், கப்பல் என்றார்கள். எப்போது வருவார் என்று கேட்டால் கையை விரித்தார்கள். அஸ்வதி எழுந்து, "எங்கப்பா தம்மாம்ல ஏசி மெக்கானிக். சாயங்காலம் வந்திருவாரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டீச்சர் மட்டும் இந்த ஊருக்குப் புதுசு. முன்வரிசைப் பிள்ளைகளிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு பேரு ஆன்ஸ்லின், மக்கா. குவைத்துல இருக்காரு. பையனுக்கு மூணு வயசாகுது, இன்னும் அப்பாவ நேர்ல பாத்ததில்ல" என்றார்.

அஸ்வதி யோசித்தாள். எண்ணூற்றுச் சொச்சம் வயதின் பொறுமையோடு டீச்சரின் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"எத்தன மணிக்கு வேணும் டீச்சர்?" என்று கேட்டாள்.