வெட்டுக்கிளி ஒட்டாத ரேடியேட்டர்

1

“கொதிக்கிற வண்டியை வெச்சுக்கிட்டு மலையேறப் போறியா? புத்தி கித்தி கலங்கிப்போச்சா உனக்கு?”

“கலங்கினா உனக்கென்னடா? உன் மண்டையா கொதிக்குது?”

“ரெண்டும்தான் கொதிக்குது!”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கேட்காமலே. நான் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரே செடிக்கு, இருபது நிமிடம். அந்தச் செடி அப்புறம் அழுகிப்போனது. கதைக்காக என்னென்னவோ இழந்ததாக எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நான் இழந்தது அது.

கத்தியவர்கள் அக்காவும் தம்பியும். ஆர்லிஸ் ஹாகனுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் கரண்டி பிடித்தவள். ஓரினுக்கு ஐம்பத்தாறு, எதையும் பிடித்தவனில்லை. (அநியாயம். மீன் நன்றாகப் பிடிப்பான்.) நடுவில் நின்றது ஒரு பச்சை பிக்கப், அறுபத்தாறாம் வருடத்து வண்டி. அந்த வருட ஜனவரியில் செத்துப்போன அவர்கள் அப்பா செல்மர் விட்டுப்போனது.

ஆர்லிஸுக்கு மொன்டானாவில், மலைகளுக்கு அந்தப் பக்கம், ஒரு விடுதியில் தலைமைச் சமையல்காரி வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேரவேண்டும். தன் அண்டா குண்டாக்களோடு அவள் போக இந்த ஒரு வண்டிதான். ஓரினோ, பழைய வண்டிகள் வாங்குகிற ஓர் ஆளைச் சனிக்கிழமை ஃபார்கோவிலிருந்து வரச்சொல்லியிருந்தான்.

கடைசியில் அவன்தான் இறங்கிவந்தான். “வெள்ளிக்கிழமைக்குள்ள கெஸ்லர் மேடு வரைக்கும் போயிட்டுக் கொதிக்காம திரும்பி வா. வண்டி உனக்கு. கொதிச்சுதுன்னா எனக்கு. நீ பேசாம பள்ளிக்கூடத்துக்கே சூப் காய்ச்சப் போ.”

“சரி,” என்றாள் ஆர்லிஸ். அவள் ‘சரி’ என்றால் பயப்பட வேண்டும். அன்று திங்கள்.

2

கதையை வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தேன்.

‘ஜூலை மாதத்து வட டக்கோட்டா வானத்தின் கீழ், கோதுமை வயல்கள் —’ வேண்டாம். இங்கே இருக்கிறவர்கள் யாரும் வயலைப் பார்ப்பதில்லை, அடுத்த வீட்டைத்தான் பார்ப்போம்.

‘அந்தப் பழைய எஞ்சினின் இதயத்தில் ஒரு துயரம் —’ எஞ்சினில் இதயம் கிடையாது. சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட்தான் உண்டு. அதை ஆர்லிஸ் செவ்வாய்க்கிழமை காலையிலேயே கழற்றிவிட்டாள்.

3

கழற்றியதை அவள் சூப் பாத்திரத்தில் போட்டு அடுப்பேற்றினாள். ஜாம் காய்ச்சும்போது வைக்கிற வெப்பமானியைப் பக்கத்தில் தொங்கவிட்டாள். எந்தச் சூட்டில் திறக்கும் என்று அதன் மேல் பொறித்திருக்கிறதோ, சரியாக அந்தச் சூட்டில் அது வாயைத் திறந்தது. “நீ நல்லவன்,” என்று சொல்லித் திரும்ப மாட்டினாள்.

வண்டி நின்ற இடத்தில் ஓடினால் சூடு காட்டுகிற முள் அசையவில்லை. ரோட்டில் ஏறி மூன்றாவது மைலில் ஆவி பறந்தது.

“நிக்கும்போது நல்லா இருக்கே, நகரச் சொன்னா கொதிக்கிறே. நீயும் ஓரின் மாதிரிதானா?” என்றாள் வண்டியிடம்.

தோட்டத்துக் குழாயைச் சொருகி, துருத்தண்ணீர் தெளியும்வரை ரேடியேட்டரைக் கழுவினாள். புது மூடி போட்டாள். அடியிலிருக்கிற ரப்பர் ஹோஸை விரலால் அமுக்கிப் பார்த்தாள், தொளதொளத்தது. அதையும் மாற்றினாள். ஃபேன் பெல்ட்டை இறுக்கினாள். புதன்கிழமை நாலாவது மைலில் கொதித்தது.

“ஒரு மைல் முன்னேற்றம்,” என்றாள்.

மெக்கானிக் வெர்டெல் வந்தான், கூப்பிடாமலே வந்தான். “ஹெட் கேஸ்கட் போயிருக்கும். எஞ்சினைப் பிரிக்கணும்.”

“போயிருந்தா ரேடியேட்டர்ல குமிழி வரணும். வரலை. ஒரு மணி நேரம் உக்காந்து பார்த்தேன்.”

“நீ சமையக்காரி, ஆர்லிஸ்.”

“அதனாலதான் சொல்றேன். எது எப்படிக் கொதிக்கும்னு எனக்குத் தெரியும்.”

அவன் வாட்டர் பம்பைக் காட்டினான். அடியில் ஈரம் கசிந்திருந்தது. அதையும் வாங்கி, இருட்டுவதற்குள் அவளே மாட்டினாள். விரல்முட்டி நாலிலும் தோல் போயிருந்தது.

(இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லை. ரொட்டி சாப்பிட்டாள்.)

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேலியோரம் தண்ணீர்க் குழாயோடு நிற்கிறாளே, அவள் மேல். அதாவது, என் மேல்.

எங்கள் ஊரில் அக்டோபர் வந்தால் ஒவ்வொருவரும் ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையைச் சொருகுவோம். மைனஸ் நாற்பதில் குளிர்காற்றை மறைக்காவிட்டால் எஞ்சின் சூடே ஏறாது. ஏப்ரலில், ஆற்றில் பனி உடையும்போது உருவிவிடுவோம். மற்றவர்களுடையது பியர்ப் பெட்டி அட்டை. ஒரு மைல் தள்ளி நின்றாலும் தெரியும். செல்மர் நறுவிசான மனிதர். அளவாக வெட்டி, அடுப்புக்கு அடிக்கிற கறுப்புச் சாயம் பூசி, நடுவில் ஃபேனுக்காகத் தட்டு அகலத்துக்கு ஓட்டை விட்டு, கம்பியால் கட்டுவார். வண்டி முகப்பிலிருக்கிற கிரில் வழியாகப் பார்த்தால் வெறும் இருட்டுதான் தெரியும்.

ஜனவரியில் அவர் போய்விட்டார். பனி உடைந்தது. அட்டையை யாரும் உருவவில்லை.

ஜூலையில் ஒருவரிடம் ‘அட்டையை எடுத்தாச்சா?’ என்று கேட்பது, வளர்ந்த ஆளிடம் ‘பேன்ட் பட்டன் போட்டாச்சா?’ என்று கேட்பதற்குச் சமம். அதனால் வெர்டெல் கேட்கவில்லை.

நான் கேட்காததற்கு அது காரணமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இறங்குவெயில் நேராகக் கிரிலுக்குள் அடித்தபோது, உள்ளே ஒரு கம்பி மின்னியதைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. ஊரில் எந்த ரகசியத்தையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காத நான், இதை இரண்டு நாள் வைத்திருந்தேன்.

ஏனென்றால், சொல்லியிருந்தால் கதை —

ஏனென்றால் அவள் போய்விட்டால், காலை ஐந்து மணிக்கு எதிர் ஜன்னலில் விளக்கு —

விடுங்கள்.

5*

வியாழன் மதியம், ஐந்தாவது மைல். ஆவி அடங்கட்டும் என்று ஆர்லிஸ் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். வேவு பார்க்கப் பின்னாலேயே வந்த ஓரின் காரை நிறுத்தி இறங்கினான். ஜெயித்தவன் முகம். “விட்டுடு அக்கா,” என்றான். கொஞ்சம் பிரியமாகத்தான் சொன்னான்.

அவள் அவன் காரின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலையில் எங்கள் ரோட்டில் மழை பெய்கிறதோ இல்லையோ, வெட்டுக்கிளி பெய்யும். அவன் ரேடியேட்டரில் சந்து சந்தாக வெட்டுக்கிளி சொருகிக்கிடந்தது. எழுந்துபோய்த் தன் வண்டியின் கிரிலுக்குள் டார்ச் அடித்தாள். நடுவில் தட்டளவு வட்டத்தைத் தவிர எங்கும் ஒன்றுகூட ஒட்டவில்லை. மற்றதெல்லாம் அடியில் குவியலாகக் கிடந்தன.

“ஓரின், இதுங்க ஏண்டா சுவத்துல மோதின மாதிரி கீழ விழுந்து கிடக்குது?”

“வெட்டுக்கிளியையா எண்ணிட்டிருக்கே?”

அவள் தோலுரிந்த விரல்களைக் கிரிலுக்குள் விட்டாள். இருட்டு என்று நினைத்தது விரலில் தட்டியது.

கம்பியை முறுக்கி அட்டையை உருவி எடுத்தபோது, பின்பக்கம் அப்பாவின் பென்சில் எழுத்து: ஏப்ரலில் எடுக்க மறக்காதே.

“பின்னாடி எழுதியிருக்காரு!” என்றாள் ஆர்லிஸ். “எடுத்தாத்தானே படிக்க முடியும்!” ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஓரினும் சிரித்துவிட்டான், அது அவனுக்கு வண்டியையே இழந்த சிரிப்பு.

* நான் அங்கே இல்லை. ஓரின் காப்பிக்கடையில் இதைப் பதினோரு முறை சொன்னான். நான் எடுத்துக்கொண்டது ஏழாவது. அதில்தான் அவன் குறைவாகப் பொய் சொன்னான்.

6

வெள்ளிக்கிழமை கெஸ்லர் மேட்டில் வண்டி கொதித்தது என்று ஒரு முடிவு எழுதினேன். அப்படி எழுதினால் அவள் இங்கேயே இருப்பாள். இரண்டு நாள் அந்த முடிவை வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துவந்த ஓரின், இறங்கியதும் சாவியை அவள் கையில் வைத்தான். முள் அசையவே இல்லையாம்.

சனிக்கிழமை அண்டாக்களை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, அவள் வேலியோரம் வந்தாள். கையில் அந்த அட்டை.

“இந்தா, அக்டோபர்ல உனக்கு ஆகும்.”

“எனக்கெதுக்கு?”

“கம்பியும் அதுலயே இருக்கு. சாயங்கால வெயில்ல பளபளன்னு மின்னும். பார்த்திருப்பியே.”

அவ்வளவுதான். பிக்கப் திருப்பத்தில் மறைந்தது.

ஃபார்கோ ஆள் வந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பினான். ஓரின் அடுத்த வசந்தத்தில், பள்ளிச் சமையலறையில் அக்கா இடத்துக்கு வந்த ஜோலீனைக் கல்யாணம் செய்துகொண்டான்; சூப் பரவாயில்லை என்கிறான். ஆர்லிஸ் மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டாள். விடுதிக்கு விறகு கொண்டுவருகிற ஒருவரோடு கல்யாணம் என்று கேள்வி. உறுதி செய்ய எனக்கு ஆளில்லை. அவள் வீட்டுக்குக் குடிவந்த தம்பதி சண்டையே போடுவதில்லை.

அட்டையை வருடாவருடம் அக்டோபரில் கட்டி, ஏப்ரலில் உருவுகிறேன். பின்பக்கம், செல்மரின் வரிக்குக் கீழே, ஆர்லிஸ் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருக்கிறது. எனக்கு எழுதியது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதியிருப்பீர்களோ, அதையே கடைசி வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.