மூன்றாவது குப்பி

அஜேஷ், ரிசார்ட்காரன் சஜனின் படகில் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே ஸ்ரீகலாவுக்கு மனது சரியில்லை. தண்ணீரைப் பரிசோதிக்க வருகிற ஆள், யார் மேல் புகாரோ அவன் படகிலா வருவான்?

நெய்யாறு அணைத் தண்ணீர் கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு மேட்டைச் சுற்றி உள்ளே ஏறிக் கிடக்கும். மேட்டின் மேலே சஜனின் ரிசார்ட், கீழே ஸ்ரீகலாவின் வீடும் கிணறும். போன வருஷம் ஜூனில், இடவப்பாதி மழையில், ரிசார்ட்டின் கக்கூஸ் தொட்டி நிறைந்து கிணற்றோரம் ஓடும் ஓடையில் வழிந்தது. அடுத்த மாதம் அவள் கணவர் ஞானசம்பந்தம் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். இந்த வருஷமும் மழை தொடங்கியதும் ஓடையில் அதே நாற்றம். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு ஐந்து மனுக்கள் எழுதிய பிறகுதான் அஜேஷ் மூன்று குப்பிகளோடு வந்திருக்கிறான். கிணற்றில் கிருமி இருந்தால் தொட்டியைத் தோண்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

"அங்க சாயா குடிச்சாச்சோ சாரே?"

"குடிச்சேன் சேச்சி. மதுரமே இல்ல. அதுக்கும் ஒரு மனு எழுதுங்க."

அவள் சிரிக்கவில்லை. முதல் குப்பி ஓடையில். "இங்க என்னத்துக்கு? மேலே, அந்தக் குழாய் வாயிலே எடுங்க," என்றாள்.

"குழாய் வாயிலே எடுத்தா அவனுக்க வக்கீல் சிரிப்பான். கலந்து ஓடுற இடத்திலே எடுக்கணும்."

சரியான பதில்தான். முன்கூட்டிப் படித்து வைத்த பதில் மாதிரியும் இருந்தது. இரண்டாவது குப்பிக்கு அணைத் தண்ணீர் எடுக்க அவன் படகில் போனபோது, படகோட்டியோடு ஏதாவது பேசுகிறானா என்று கரையில் நின்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது, கிணறு. ஞானசம்பந்தத்தின் அக்கா பகவதியம்மாள் அங்கே வாளியோடு தயாராக நின்றாள். அஜேஷ் குப்பியைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு மருந்து விட்டான். தண்ணீர் நல்ல மஞ்சளானது.

"கிணத்திலே பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கு. இதைக் கொண்டுபோனா கிருமி இல்லேன்னுதான் வரும்."

"நான் அப்பவே நெனச்சேன். சஜனுக்க ஆளுவ வந்திருக்கு," என்றாள் ஸ்ரீகலா. "மைனி, நேத்து நான் ஆபீசுக்குப் போனப்ப ஆரு இங்க வந்தது?"

பகவதியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். அவளுடைய நீல நைட்டியின் மடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சாயம் போயிருந்தது. முந்தாநாள் துவைத்துப் போடும்போது அது அப்படி இல்லை.

"மைனி."

"நானாக்கும் மக்கா. தம்பிக்குத் தீனம் வந்தப்ப ஆஸ்பத்திரிக்காரங்க தந்த பவுடரிலே மிச்சம் இருந்துது." குரல் தாழ்ந்தது. "கொதிக்க வச்ச சீரக வெள்ளம் வேண்டாம், பச்சை வெள்ளம் தா அக்கான்னு கேப்பான். நான்தானே கோரிக் குடுத்தேன். இந்தக் கிணத்து வெள்ளம்தான் கொன்னுதுன்னு சர்க்கார் எழுதிக் குடுத்தா, நான் பொறவு எப்படி இருப்பேன்?"

சஜனையும் ஆபீசையும் படகையும் சாயாவையும் சந்தேகப்பட்டிருந்தாள் ஸ்ரீகலா. தினமும் தனக்குச் சோறு எடுத்து வைக்கிற கையைச் சந்தேகப்படத் தோன்றியதில்லை.

அஜேஷ் பேனாவை எடுத்தான். "ஆரு போட்டதுன்னு எழுதணும்."

"வீட்டுக்காரி போட்டான்னு எழுதுங்க. எனக்க பேரைப் போடுங்க. மறுபடி எப்ப எடுப்பீங்க?"

"நல்லா இறைச்சு விடுங்க. பத்து நாள் கழிச்சு வாறேன்."

"பஸ்ஸிலே வாங்க சாரே."

அவன் போனதும் மோட்டாரைப் போட்டாள். பகவதியம்மாள் கேட்காமலேயே குழாயை இழுத்துக்கொண்டுபோய் வாழைத் தோட்டத்தில் விட்டாள்.

"மிச்சம் இருக்கா மைனி?"

"இல்ல மக்கா. தீந்துபோச்சு."

ஸ்ரீகலா அடுக்களைக்குள் போய்ப் பார்த்தாள். டப்பா காலிதான். ஆனாலும் மத்தியானம் காட்டாக்கடை டவுனுக்குப் போய், கிணற்றின் இரும்பு வலைக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தாள். அதற்கு இரண்டு சாவி. இரண்டையும் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.