பூஜையில் வைத்த கீபோர்டு

ஆயுத பூஜை என்றால் பூபாலனிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஒரு சாமானைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாரா, மறுநாள் காலையில் கற்பூரம் காட்டும்வரை அதன்மேல் ஒரு விரல் படக் கூடாது. போன வருஷம் எதிர்வீட்டு இராமகிருஷ்ணன் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று ஸ்பேனர் கேட்டு ஓடி வந்தார். "நாளைக்கு வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார் மனுஷர். அந்த வீட்டில் ராத்திரி முழுக்க வாளி மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் அந்தக் கதையைத் தெரியாதவர்கள் இல்லை.

இருபத்தாறு வருஷமாக பூபாலன் ஃபாக்டரியில் ஃபிட்டர். அவருக்கு உலகத்தில் இரண்டே சங்கதிதான் உண்டு. ஒன்று டியூட்டி, இன்னொன்று டியூட்டி இல்லாத மற்றதெல்லாம். மகள் மதிவதனி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்து, சாயங்காலம் கம்ப்யூட்டர் கேமில் டுமீல் டுமீல் என்று சுட்டுக்கொண்டிருப்பது இரண்டாவது கணக்கில் வந்தது.

"டியூட்டி முடிஞ்சு வந்தா செத்த படுக்கக் கூடாதா? இன்னாத்துக்கு இப்பிடி சுட்டுக்கினே கீற?" என்பார். அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளைச் சுடுவாள்.

பத்து நாளைக்கு முன்னால் அவளுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்ததைப் பார்த்து பூபாலன் பதறிவிட்டார்.

"ஏமாத்திட்டான்மா. பாதி கீபோர்டுதான் வந்துகீது."

"அவ்ளோதான்ப்பா இது. நம்பர் பட்டன், அம்புக்குறி பட்டன்லாம் கெடையாது. மவுஸை நகத்த எடம் வேணும்ல?" என்றாள் மதி. அவள் சொன்னதும் நியாயம்தான். கம்ப்யூட்டர் இருந்த மேஜையின் மறுபாதியில் அவள் அம்மா எழிலரசியின் கிரைண்டர் குடியிருந்தது.

பூபாலன் அதைக் கையில் வாங்கினார். இரண்டு பக்கமும் பிடித்து வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. ஒரு பட்டனை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். துளி ஆட்டம் இல்லை. அமுக்கினால் இறங்கியது, விட்டால் டக்கென்று ஏறியது.

"ஃபிட்டிங் சுத்தமா கீது" என்றார். வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தபோதுகூட அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

மதி அவரைப் பிடித்து உட்கார வைத்து ஆடச் சொன்னாள். ஐந்து நிமிஷம் ஒரு சுவரை முட்டிக்கொண்டே நின்றார். நீலக் கலரில் இருந்த நாலு பட்டன்களைக் காட்டி, "இதான்ப்பா காலு. இது இல்லன்னா ஓட முடியாது" என்றாள். அதை அவர் நன்றாக மனசில் வாங்கிக்கொண்டார். அங்கேதான் வினை பிடித்தது.

ஆயுத பூஜை அன்று காலையில் மதி கம்பெனி பூஜைக்குப் போயிருந்தாள். பூபாலன் சிவப்புத் துணி விரித்து அரம், ஸ்பேனர், குறடு, அளவெடுக்கும் வெர்னியர் எல்லாம் வரிசையாக வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போய் அந்தக் கீபோர்டை எடுத்து வந்து வெர்னியருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பொண்ணோட ஆயுதம் இதானே" என்று எழிலரசியிடம் சொல்லிக்கொண்டே, பன்னீரில் குழைத்த சந்தனத்தை அந்த நாலு நீலப் பட்டனிலும் கொழகொழவென்று வைத்து, குங்குமம் இட்டார். தன் சாமானும் மகள் சாமானும் ஒரே துணியில் இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரு மணிக்கு மதி பொரி பொட்டலத்தோடு வந்தாள். பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னுதையும் வெச்சிட்டியாப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது.

"அப்பா, இன்னிக்கு நாலு மணிக்கு செலக்‌ஷன். மூணு மாசமா சொல்லிக்கினு இருந்தேனே, கேம் ஆடற பொண்ணுங்க டீம். வீட்ல இருந்தே ஆடிக் காட்டணும்."

"சனிக்கெழமைன்னு நெனச்சேன்மா. பழைய கீபோர்டு?"

"ஷோபனாகிட்ட குடுத்துட்டேன். அவ லீவுக்கு ஊருக்குப் போய்ட்டா." அவளுக்கு அப்பாவைத் தெரியும். கெஞ்சவில்லை. "பரவால்லப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்று உள்ளே போனாள்.

பூபாலன் மூன்று மணிவரைக்கும் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் என்று சொன்ன அந்தக் குரல்தான் அவரைப் பிடுங்கியது. தன்னால் கெட்டது என்று ஆகிவிட்டதே.

எழிலரசி சுண்டல் தாளித்துக்கொண்டே, "சாமி கோச்சுக்காது. நீங்கதான் கோச்சுப்பீங்க" என்றாள்.

மறுநாள் காட்ட வேண்டிய கற்பூரத்தை அவர் அப்போதே ஏற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு கீபோர்டை எடுத்து மகளிடம் கொடுத்தார். அவள் நம்ப முடியாமல் வாங்கி, செருகி, முதல் நீலப் பட்டனை அமுக்கினாள். இறங்கியது ஏறவில்லை. சந்தனம் உள்ளே ஓடி இறுகியிருந்தது. திரையில் அவளுடைய ஆள், நிறுத்த ஆளில்லாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தான்.

மணி மூன்று இருபது. பூபாலன் மறுபடி பூஜைக்குப் போய், தன் மெல்லிய குறட்டையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்து, நாலு பட்டனையும் நோகாமல் பிடுங்கி, சந்தனத்தைச் சுரண்டி, பஞ்சால் துடைத்து, ஃபேனுக்குக் கீழே காட்டி, திரும்ப மாட்டினார். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். அமுக்கினார். டக்கென்று ஏறியது. ஒரு பட்டன் ஓரத்தில் மட்டும் குங்குமம் ஒட்டியிருந்தது. துடைக்கப் போனவர் கையைப் பிடித்து, "இருக்கட்டும்ப்பா" என்றாள் மதி.

அவள் ஆடினாள். அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் யாரைச் சுடுகிறார்கள் என்று ஒரு மண்ணும் புரியவில்லை. நீலப் பட்டன்கள் மேல் அந்த விரல்கள் ஓடுகிற ஓட்டத்தை மட்டும் பார்த்தார். ஒரு தடவைகூடத் தடுமாறாத கை. இருபத்தாறு வருஷம் கைகளைப் பார்த்தே ஆளை எடைபோட்டவர் அவர். இது தேர்ந்த கை, தன் மகளுடைய கை.

ஐந்தரைக்கு அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். "டீம்ல எடுத்துட்டாங்கப்பா" என்றாள்.

பொரித் தட்டோடு வந்த இராமகிருஷ்ணன் கண்ணில், மேஜைமேல் கிடந்த குறடுதான் முதலில் பட்டது.

"இன்னா பூபாலா, பூஜைல வெச்சது வெளிய கீது? எங்க ஊட்ல தண்ணி ஆறா ஓடுச்சே, அன்னிக்குக் குடுத்தியா?"

"அன்னிக்குக் குடுத்திருக்கணும், தப்புதாண்ணே" என்றார் பூபாலன். பிறகு மகளைப் பார்த்தார், தலை நிமிர்ந்தது. "இன்னிக்கு எம் பொண்ணுக்கு டியூட்டி இருந்துச்சு."