பாட்ரூமுக்குப் போன வாட்ச்

குளிப்பாட்டுவதற்கு முன் இறந்துபோன அப்பாவின் மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றிய கிருபாசங்கர், அதை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனான். ராமாமணி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமில்லை. சாவி கொடுத்துப் பார்த்தாள். சில சுற்றிலேயே திருகு இறுகிக்கொண்டது. முறுக்கு இருந்தும் வாட்ச் நின்றிருந்தது.

விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு அழுகை நின்றுபோயிற்று.

“அங்கதான் போயிருக்காரு,” என்றாள்.

“எங்கீங்க அத்தை?” என்று மருமகள் பிரவீனா கேட்டாள். வாசலில் வாழை மரத்தடியில் பெஞ்சு போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பவே ராமாமணிக்குப் பிடிக்கவில்லை.

சத்தி ரோட்டில் பவானி ஆற்றைத் தாண்டி இருந்த அலுமினிய ஆலையில் வேலை பார்த்தவர் தம்பிதுரை. உலோகம் உருகிக் கிடக்கும் பெரிய தொட்டிகளை அங்கே ‘பாட்’ என்பார்கள், அவை வரிசையாக இருக்கும் கொட்டகையைப் ‘பாட்ரூம்’ என்பார்கள். அவற்றுக்குள் பாயும் மின்சாரம் சுற்றிலும் காந்தத்தைக் கிளப்பும். சாவி கொடுக்கும் வாட்சைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போனால் நின்றுவிடும். கல்யாணத்துக்கு ராமாமணியின் அப்பா போட்ட வாட்ச் மறுவாரமே அப்படித்தான் நின்றது. ரிப்பேர் பார்த்து வந்து அலமாரியில் வைத்தார். அதற்கப்புறம் பிறந்த வீட்டுச் சீர் அலமாரியில் கிடந்தது, மாப்பிள்ளை பாட்ரூமில் கிடந்தார்.

மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே உள்ளே இருப்பது கல்லாக உறைந்துவிடுமாம். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவர் அப்படிப் பதறியதில்லை. நோம்பி, பண்டிகை நாளில் அவருக்கு ஷிப்ட் இருக்கும். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு ராமாமணி தனியாகவே போனாள். “மாப்பிள்ளை வரலீங்களா?” என்று மண்டப வாசலிலேயே யாராவது ஒருத்தி கேட்பாள். சக்களத்தி என்று ஒரு பெண் இருந்திருந்தால் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். தொட்டியிடம் போய் என்ன கேட்பது?

அப்புறம் வெளிநாட்டு அலுமினியம் மலிவாக வந்து இறங்கியது. கரண்டுச் செலவு ஏறியது. நாட்டில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூட, இதையும் மூடினார்கள். அன்றைக்குத் தம்பிதுரை சோறு வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ராமாமணி அடுப்படியில் பாயசம் வைத்துக் குடித்தாள். வாசம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று ஏலக்காய் மட்டும் போடவில்லை.

கணபதியில் இருந்த மகன் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அவள் வாழ்ந்தாள் என்று சொல்லவேண்டும். வாட்ச் அவர் கைக்கு ஏறியது. தினமும் ராத்திரி அதைக் கழற்றி வாங்கிச் சாவி கொடுத்து வைப்பது அவள் வேலை. எந்தக் கல்யாணமானாலும் இருவரும் சேர்ந்தே மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

போன வருசம் எல்லாம் தலைகீழானது. கரண்டு காருக்கும் சோலார் தகட்டுக்கும் அலுமினியம் நம் நாட்டிலேயே வேண்டும் என்றார்கள். மூடிக் கிடந்த ஆலையைப் புதிதாக ஒருவர் வாங்கினார். பழைய ஆட்களைத் தேடி ஆள் வந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுசன், அந்தச் சூட்டுக்குள் போவதா? ராமாமணி ஒற்றைக் காலில் நின்றாள். “போகமாட்டேன் அம்மணி,” என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம் போத்தனூரில் இருக்கும் சிநேகிதர் ரசாக்குக்குக் கால் சரியில்லை என்று அடிக்கடி பார்க்கப் போனார். வாட்சும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

நேற்று சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் அண்ணன் மகளுக்கு ரிசப்ஷன். பட்டுக் கட்டி, பூ வைத்து வீட்டில் அவருக்காக உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தார்.

“நேரம் இருக்குதுன்னு நெனச்சுபோட்டேன் அம்மணி.”

தலையிலிருந்த பூவை எடுத்துக் குப்பையில் போட்டாள். தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். வாட்சைக் கேட்டு வாங்கவில்லை. அவரும் கழற்றாமலே படுத்தார். காலையில் எழவில்லை.

சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆலை மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வயிறு எரிந்தது. கடைசி நாளையும் அதுவே எடுத்துக்கொண்டதே!

கோடித்துணி போர்த்தி உள்ளே கிடத்தியபோது ஆலை வேன் வந்து நின்றது. பழைய கூட்டாளி பீர் முகம்மது நாலைந்து பேரோடு இறங்கி வந்தார். கால்மாட்டில் நின்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு ராமாமணியின் எதிரே வந்து உட்கார்ந்து, மடித்த துணியைப் பிரித்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக ஒரு அலுமினியத் துண்டு.

“நேத்து மொத மெட்டல் எடுத்தமுங்க அண்ணி. அண்ணன் கூடவே நின்னாருங்க. இத அவரு கையில வெச்சு அனுப்போணுமுங்க.”

“வேண்டாங்க.” குரல் கூடத்துக்கே கேட்டது. “உசுரோட இருந்த வரைக்கும் நீங்க வெச்சிருந்தது பத்தாதுங்களா? பொணத்தையாச்சும் எனக்கு உடுங்க.”

கிருபாசங்கர் ஓடிவந்தான். “அம்மா, சும்மா இருங்க.”

“சத்தியம் பண்ணிப்போட்டுத் திருட்டுத்தனமா வந்தாரில்லீங்க? இந்தா, வாட்சே சொல்லுது!”

பீர் முகம்மது வாட்சை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். முள் நின்ற இடத்தை உற்றுப் பார்த்தார்.

“எப்பவும் இத ஆலை கேட்டுல கழட்டிக் குடுத்துட்டுத்தானுங்க உள்ள வருவாரு. நேத்துதான் குடுக்கலீங்க. ‘இன்னிக்கி இது கையில இருக்கோணும்டா. பொழுதோட பஸ் ஏறோணும், உங்கண்ணி பட்டுக் கட்டிட்டுக் காத்திருப்பா, ஒண்ணாப் போவோணும்’னாரு. ‘நின்னுபோயிரும்ணா’ன்னேன். ‘ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது’ன்னாருங்க.” வாட்சைத் திருப்பிக் கொடுத்தார். “மெட்டல் வர்ற வரைக்கும் அதத்தான் பாத்துட்டே இருந்தாருங்க அண்ணி. பாக்கறப்பெல்லாம் நேரம் இருக்குது, நேரம் இருக்குதுன்னாரு. அது அப்பவே நின்னுபோச்சுன்னு யாருக்குங்க தோணுச்சு...”

ராமாமணி முந்தானையால் வாட்சின் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே பாடையைச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது.

“நேரமாகுதுங்க,” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

துணியை மடித்துக்கொண்டு பீர் முகம்மது எழுந்தார்.

“இருங்க,” என்றாள் ராமாமணி. “அத அவரு கையில வெச்சிருங்க.”

வைத்தார்கள். விரல்கள் மடங்கவில்லை, துண்டு நழுவியது. பிரவீனா ஒரு கைக்குட்டை கொடுக்க, அதைச் சுற்றிக் கட்டினார்கள்.

“வாட்சையும் வெச்சரலாமுங்களா அத்தை?”

“அது எங்கப்பன் போட்டது. குடுக்கமாட்டேன்.”

தெருமுனை வரை போய்ப் பெண்கள் திரும்பினார்கள். கூடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராமாமணி குளித்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்து வாட்சைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். பெரிய பட்டை, முழங்கை வரைக்கும் வழுக்கிப் போனது.

“மணி என்னாச்சுங்க அத்தை?” என்று அடுப்படியிலிருந்து பிரவீனா கேட்டாள்.

ராமாமணி பட்டையை மணிக்கட்டுக்கு இறக்கிப் பார்த்தாள்.

“இன்னும் நேரம் இருக்குது கண்ணு,” என்றாள்.